சந்தா என்று எழுதிய சொல்: நேட்டோவின் சுமைப் பகிர்வைக் கற்பித்தபோது நேர்ந்த பிழையும் அதைத் திருத்திய விதமும்

பின்னணி

இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணிநேரத் தொலைவிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் வாசிகசாலையில், சனிக்கிழமைகளில் அரசியல் விஞ்ஞான வகுப்பொன்று நடைபெறுகிறது. 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் அதில் 23 பேர் இருந்தனர். 17 பேர் க.பொ.த. உயர்தர மாணவர்கள், மற்ற 6 பேர் வேலை பார்த்துக்கொண்டே வெளிவாரிப் பட்டத்துக்குப் படிப்பவர்கள். அனைவரும் தோட்டக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வகுப்பின் பொறுப்பாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். மாணவர்கள் அவரைப் பெரிய சேர் என்று அழைப்பார்கள். குறிப்புகளை எழுதிப் பிரதியெடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு.

சர்வதேச உறவுகள் என்ற பகுதியில் படைக் கூட்டணிகளைப் பற்றி மூன்று அமர்வுகள் நடத்தத் திட்டமிட்டிருந்தோம். அவற்றின் மையமாக, அமெரிக்காவும் கனடாவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த நேட்டோவை எடுத்துக்கொண்டோம். 1949 ஏப்ரல் 4ஆந் திகதி 12 நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் தொடங்கி, 2023இல் பின்லாந்தும் 2024இல் சுவீடனும் இணைந்ததோடு 32 உறுப்பு நாடுகளாக வளர்ந்திருக்கும் இந்தக் கூட்டணியில், பாதுகாப்புக்கான செலவையும் உழைப்பையும் ஆபத்தையும் யார் எவ்வளவு ஏற்பது என்ற வழக்கு அது பிறந்த நாள் முதல் ஓய்ந்ததில்லை. அந்த வழக்கையே சுமைப் பகிர்வு என்கிறார்கள். கூட்டணிகளைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான வாசல் இல்லை என்பது எங்கள் எண்ணமாக இருந்தது. நடந்ததைப் பார்த்த பிறகும் அந்த எண்ணம் மாறவில்லை.

குறிப்பில் இருந்த வாக்கியம்

நான் எழுதிய நான்கு பக்கக் குறிப்பின் இரண்டாம் பக்கத்தில் பின்வரும் வாக்கியம் இருந்தது: “2014ஆம் ஆண்டு வேல்ஸ் மாநாட்டின் தீர்மானப்படி ஒவ்வொரு உறுப்பு நாடும் தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதத்தை நேட்டோவுக்குச் சந்தாவாகச் செலுத்த வேண்டும்.”

முதல் கையெழுத்துப் படியில் “பாதுகாப்புக்காகச் செலவிட வேண்டும்” என்றுதான் எழுதியிருந்தேன். தட்டச்சு செய்யும்போது அது உயிரற்றுத் தெரிந்தது. நம் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும் ஒரு சொல்லைப் போடலாமே என்று நினைத்து, இரவு பதினொரு மணிக்கு அந்த இடத்தை அழித்துச் சந்தா என்று எழுதினேன். ஆளை மயக்குவது எளிமையான சொல்தான் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

தோட்டத்தில் வளர்ந்தவருக்குச் சந்தா என்றால் விளக்கமே தேவையில்லை. தொழிற்சங்கத்தில் சேர்ந்தால் சந்தாப் படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அதன் பிறகு மாதாமாதம் சம்பளத்தில் ஒரு தொகை பிடிபட்டுச் சங்கத்துக்குப் போகும் என்பதைப் பார்த்தே அந்தத் தலைமுறை வளர்ந்தது. ஒரு சங்கத்தை விட்டு இன்னொரு சங்கத்துக்குப் போவதைக்கூடச் சந்தா மாற்றுவது என்றுதான் சொல்வார்கள். ஆகவே அந்தச் சொல்லோடு நான்கு கருத்துகள் ஒட்டிக்கொண்டே வந்தன: பணம் ஒரு மையத்துக்குப் போகிறது, கொடுக்காவிட்டால் நிலுவை ஏறுகிறது, நிலுவை வைத்தவருக்கு உரிமை குறைகிறது, வாங்குபவர் பதிலுக்குப் பாதுகாப்புத் தருகிறார். நேட்டோவின் 2 சதவீதத்துக்கு இவற்றில் ஒன்றுகூடப் பொருந்தாது.

முதல் அமர்வில் கண்டவை

மே மாத இறுதிச் சனிக்கிழமையில் முதல் அமர்வு நடந்தது. வாசிகசாலைக்குத் தகரக் கூரை. தென்மேற்குப் பருவமழை தகரத்தில் இறங்கினால் முன்வரிசையில் இருப்பவருக்கே பேச்சுக் கேட்காது. அப்படியான வேளைகளில் பேசுவதை நிறுத்திவிட்டு எழுதக் கொடுப்பது வகுப்பின் வழக்கம். அன்றைக்கும் ஒரு மணிநேரம் கடந்ததும் மழை பிடித்துக்கொண்டது. கரும்பலகையில் ஒரு கேள்வியை எழுதினேன்: “2014இல் ஜேர்மனி பாதுகாப்புக்குச் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 1.2 சதவீதம். இதனால் என்ன நேரும்?”

மழை பெய்யாதிருந்தால் வாய்மொழியாக இரண்டு மூன்று பேரிடம் கேட்டுவிட்டு அடுத்த தலைப்புக்குப் போயிருப்பேன். பிழை பரீட்சை மண்டபம் வரை போயிருக்கும்.

23 தாள்களில் 19இல் நிலுவை என்ற சொல்லோ அதே பொருள் தரும் வேறொரு சொல்லோ இருந்தது. ஜேர்மனி நேட்டோவுக்குக் கடன்பட்டிருக்கிறது என்று சிலர் எழுதினர். உறுப்புரிமையை இரத்துச் செய்யலாம் என்றும், வட்டி அறவிடலாம் என்றும் சிலர் எழுதினர். ஒரு மாணவி சம்பளத் துண்டைப் போலவே கோடு போட்டு, ஆண்டு, செலுத்த வேண்டியது, செலுத்தியது, மிகுதி என்று நான்கு நிரல்கள் வரைந்து, ஒவ்வோர் ஆண்டும் 0.8 வீதம் பத்தாண்டுகளுக்குக் கூட்டி, அடியில் இரட்டைக்கோடும் இட்டிருந்தாள். கணக்கில் ஒரு தவறும் இல்லை. கணக்குத்தான் இல்லாத ஒன்றைப் பற்றியது.

மழை சற்று ஓய்ந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, “சேர், சந்தா கட்டாத ஆளுக்குச் சங்கத் தலைவர் தோட்டத்துத் துரையிடம் பேசப் போகமாட்டார்தானே? அப்படியென்றால் அந்த நாட்டை யாராவது அடித்தால் மற்றவர்கள் வரமாட்டார்களா?” என்று கேட்டான். நல்ல கேள்வி. 2024 பெப்ரவரியில் டொனால்ட் ட்ரம்ப் தேர்தல் கூட்டமொன்றில் பணம் கட்டாத நாட்டைப் பாதுகாக்கமாட்டேன் என்ற பொருளில் பேசியது தமிழ்ச் செய்திகளிலும் வந்திருந்தது. அதை அவன் நினைவில் வைத்திருந்தான். அதாவது, என் குறிப்பு தனியாக நின்று அவர்களைத் தவறான வழியில் இட்டுச்செல்லவில்லை. ஏற்கெனவே காற்றில் இருந்த ஒரு பிழைக்கு நான் தமிழில் இருக்கை போட்டுக் கொடுத்திருந்தேன்.

பிழையின் உள்ளமைப்பு

அன்று மாலை தாள்களை வைத்துக்கொண்டு நானும் பெரிய சேரும் உட்கார்ந்தோம். எதை எதோடு குழப்பியிருக்கிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொண்டோம்.

2 சதவீதம் என்பது ஒரு நாடு தன் சொந்தப் படைக்குத் தன் சொந்த வரவுசெலவுத் திட்டத்திலிருந்து செலவிடும் தொகை. சிப்பாயின் சம்பளம், போர்த் தாங்கி, கப்பல், படையினரின் ஓய்வூதியம் எல்லாம் அதற்குள் அடங்கும். அந்தப் பணம் பிரசல்ஸிலுள்ள தலைமையகத்துக்குப் போவதில்லை. 2006இல் பாதுகாப்பு அமைச்சர்கள் வழிகாட்டியாக ஏற்றுக்கொண்ட அந்த எண்ணை, கிரைமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்ட 2014இல் வேல்ஸில் தலைவர்கள் அரசியல் வாக்குறுதியாக உயர்த்தினர். பத்தாண்டுகளுக்குள் அதை நோக்கி நகர்வது என்றும், அச்செலவில் 20 சதவீதத்தைப் பெரிய படைத் தளபாடங்களுக்கு ஒதுக்குவது என்றும் சொன்னார்கள். அப்போது அந்த அளவைத் தொட்டிருந்தவை ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா, கிரீஸ் ஆகிய மூன்று நாடுகளே. அது உடன்படிக்கையின் உறுப்புரை அன்று. மீறினால் தண்டனையும் இல்லை. உறுப்பு நாடொன்றை வெளியேற்றுவதற்கான ஏற்பாடே 1949 உடன்படிக்கையில் கிடையாது.

சந்தா என்று சொல்லத்தக்க ஒன்று நேட்டோவில் வேறிடத்தில் உண்டு. தலைமையகத்தின் நிர்வாகம், கூட்டுக் கட்டளைப் பீடங்கள், விமான ஓடுதளம், எரிபொருள் குழாய் போன்ற கூட்டு உட்கட்டமைப்பு ஆகியவற்றுக்கான பொது நிதியே அது. எல்லா உறுப்பு நாடுகளின் பாதுகாப்புச் செலவையும் கூட்டினால், பொது நிதி அதில் ஏறத்தாழ 0.3 சதவீதம் மட்டுமே. அதற்கான பங்கு நாடுகளின் மொத்தத் தேசிய வருமானத்தை அடிப்படையாகக் கொண்டு வகுக்கப்படுகிறது. முன்பு அமெரிக்கா 22 சதவீதம் அளவில் கொடுத்துவந்தது. 2019இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி அது குறைக்கப்பட்டு, அமெரிக்காவும் ஜேர்மனியும் ஏறத்தாழ 16 சதவீதம் வீதம் சமமாகக் கொடுக்கத் தொடங்கின. யாரும் நிலுவை வைக்கவில்லை என்று வாதிடுபவர்கள் இந்த நிதியைப் பற்றிப் பேசுகிறார்கள். ஐரோப்பா தன் பங்கைச் செய்யவில்லை என்று குற்றஞ்சாட்டுபவர்கள் முதலில் சொன்ன 2 சதவீதத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. கூட்டு நடவடிக்கைக்குப் படை அனுப்பும் நாடு, பொதுவாக அந்தப் படையின் செலவைத் தானே ஏற்கிறது. செலவு எங்கே விழுகிறதோ அங்கேயே கிடக்கும் என்பது அங்குள்ள நடைமுறை. ஆள் அனுப்பியவரே கையிலிருந்து பணமும் போட வேண்டும் என்பதால், குறைவாகச் செலவிடும் நாடொன்று அதிகமாக உழைத்திருக்கவும் கூடும்.

எடுத்த முடிவும் அதற்கான காரணமும்

பிழைதிருத்தத் துண்டொன்றை அச்சிட்டுக் கொடுத்துவிட்டு இரண்டாம் அமர்வைத் திட்டப்படி நடத்துவோம் என்பது என் முன்மொழிவு. பரீட்சை நெருங்குவதையும் பிரதிச் செலவையும் நினைத்தே அப்படிச் சொன்னேன். பெரிய சேர் அதை ஏற்கவில்லை. “துண்டு கொடுத்தால் தாள் திருந்தும் தம்பி. அந்தப் பிள்ளை போட்ட சம்பளத் துண்டு தலைக்குள்ளேயே இருக்கும்,” என்றார். பணத்திலிருந்து தொடங்கியதே தவறு என்பது அவருடைய கருத்து. யாரிடம் எவ்வளவு பணம் என்ற கேள்வி கடைசியில் வரட்டும். எதிலிருந்து பாதுகாக்கப் போகிறோம், அதற்கு என்னென்ன வேண்டும், யார் எதைக் கொண்டுவருவது என்ற வரிசையில் தொடங்குவோம் என்றார்.

அவர் சொன்ன வரிசை நேட்டோவின் பாதுகாப்புத் திட்டமிடல் நடைமுறையின் வரிசையோடு ஒத்திருந்ததால், நான் இணங்கினேன். நான்கு ஆண்டுச் சுற்றாக நடைபெறும் அந்த நடைமுறையில் ஐந்து படிகள் உண்டு. அரசுகள் முதலில் அரசியல் வழிகாட்டலை வகுக்கின்றன. படைத்துறைக் கட்டளைப் பீடங்கள் அதை நிறைவேற்றத் தேவையான குறைந்தபட்ச வல்லமைகளைக் கணிக்கின்றன. பின்னர் அத்தேவைகள் நாடுகளுக்கிடையே இலக்குகளாகப் பங்கிடப்படுகின்றன. நான்காவது படியில் அவற்றை நிறைவேற்ற உதவி; ஐந்தாவதில் மீளாய்வு. மூன்றாம் படியில் ஒரு நுட்பம் இருக்கிறது: ஒரு நாட்டுக்குரிய இலக்குகளை அந்த நாடு மட்டும் எதிர்த்துத் தடுத்துவிட முடியாது. ஏனைய எல்லாத் தீர்மானங்களும் ஒருமித்த இணக்கத்தில் நடக்கும் அமைப்பில் இது அரிய விதிவிலக்கு.

ஆகவே மூன்று முடிவுகள் எடுத்தோம். பழைய குறிப்பை எல்லாரிடமிருந்தும் திரும்ப வாங்குவது. இரண்டாம் அமர்வை ஐந்து படிகளையும் நடித்துப் பார்க்கும் பயிற்சியாக மாற்றுவது. தோட்ட வாழ்க்கையிலிருந்து ஓர் உவமையை மட்டும், அதன் எல்லையையும் சேர்த்துச் சொல்லிப் பயன்படுத்துவது. உவமையே வேண்டாம் என்று நான் சொன்னேன். ஒருமுறை கைசுட்டவன் அப்படித்தான் பேசுவான். பெரிய சேர், நாம் கொடுக்காவிட்டால் அவர்களே ஒன்றைத் தேடிக்கொள்வார்கள் என்றார்.

திருவிழாக் கணக்கு

உவமையைத் தந்தது ஒரு மாணவன். குறிப்புகளைத் திரும்ப வாங்கிய அன்று, இரண்டு பணத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க முயன்று நான் தடுமாறியபோது, “சேர், திருவிழா வரி வேறு, டிவிஷன் செய்யும் வேலை வேறு என்பதுபோலவா?” என்று கேட்டான்.

அவனுடைய தோட்டத்தில் மூன்று டிவிஷன்கள், அதாவது பிரிவுகள். மாரியம்மன் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஒரே அளவில் வரி எடுப்பார்கள். அது பூசாரியின் தட்சணை, கோயில் விளக்கு, அலங்காரம் ஆகியவற்றுக்குப் போகும். ஆனால் திருவிழாவைத் திருவிழாவாக்குவது அந்த வரி அன்று. கரகம் பாலிக்கும் இரவில் தப்படிப்பவர்களைக் கூட்டிவருவது, அன்னதானத்துக்குச் சமைப்பது, ஊர்வலப் பாதையில் புல் வெட்டி மின்குமிழ் கட்டுவது எல்லாவற்றையும் டிவிஷன்கள் தத்தம் பொறுப்பில், தத்தம் பணத்திலும் உழைப்பிலும் செய்கின்றன. ஓர் ஆண்டு கூட்டம் கூடிப் பேசாமலேயே ஒவ்வொரு டிவிஷனும் தன் விருப்பப்படி இறங்கிவிட்டது. மூன்று டிவிஷன்களும் ஒலிபெருக்கி பிடித்தன. விறகு யாரும் இறக்கவில்லை. மத்தியானம் சோறு வேகவில்லை. மூன்று பக்கமிருந்தும் பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எல்லா டிவிஷனும் முந்திய ஆண்டைவிட அதிகமாகத்தான் செலவழித்திருந்தது என்று அவன் சொன்னான்.

ஐரோப்பியப் படைகளைப் பற்றிய நீண்ட குறைபாட்டு அறிக்கைகள் சொல்வதும் ஏறத்தாழ இதைத்தான். பல நாடுகள் போர் விமானம் வாங்குகின்றன. வானில் எரிபொருள் நிரப்பும் விமானமும், தூரப் போக்குவரத்தும், வெடிபொருள் கையிருப்பும் குறைவாகவே இருக்கின்றன. அவற்றுக்குப் பெரும்பாலும் அமெரிக்காவையே பார்க்க வேண்டியிருக்கிறது. திட்டமிடல் நடைமுறை இருப்பது இந்த விறகுக்காக.

உவமையின் எல்லையையும் அன்றைக்கே பேசினோம். வரி கொடுக்காத வீட்டு வாசலில் கரகம் நிற்காமல் போய்விடலாம். தடுப்புப் பாதுகாப்பு, அதாவது எதிரி தாக்கத் துணியாதபடி தடுத்துவைப்பது, அப்படி வீடு பார்த்து நிற்கக்கூடியது அன்று: ஜேர்மனியையும் பிரான்ஸையும் தாக்குதலிலிருந்து காக்கும் படை, இடையிலுள்ள பெல்ஜியத்தை விட்டுவிட்டுக் காக்க முடியாது. ஒருவருக்குக் கொடுத்தால் அடுத்தவருக்கும் கிடைத்துவிடும் பொருளுக்குப் பெரியவன்தான் அதிகம் செலவழிப்பான், சிறியவன் ஒதுங்கி நிற்பான் என்று பொருளியலாளர்களான மான்குர் ஓல்சனும் ரிச்சர்ட் ஸெக்ஹவுஸரும் 1966இல் நேட்டோவை வைத்தே காட்டினார்கள். பின்வரிசை மாணவனின் கேள்விக்கு இதுவே பதிலின் பாதி. மறுபாதி 1949 உடன்படிக்கையின் 5ஆம் உறுப்புரையின் வாசகத்தில் இருக்கிறது: ஒருவர் மீதான தாக்குதல் அனைவர் மீதான தாக்குதல் என்று சொல்லும் அது, ஒவ்வொரு நாடும் தான் அவசியமென்று கருதும் நடவடிக்கையை எடுக்கும் என்றுதான் கட்டுப்படுத்துகிறது. வருவார்களா என்பது செலவுக் கணக்கில் தீர்மானிக்கப்படுவதில்லை. ஆனால் வர விருப்பமில்லாத தலைவர் ஒருவர் செலவுக் கணக்கைக் காரணமாகக் காட்டலாம்.

இரண்டாம் அமர்வு

ஜூன் மாத நடுப்பகுதியில் நடந்த இரண்டாம் அமர்வில், மாணவர்கள் ஏழு குழுக்களாகப் பிரிந்து அமெரிக்கா, ஜேர்மனி, போலந்து, கிரீஸ், எஸ்தோனியா, லக்சம்பேர்க், ஐஸ்லாந்து ஆகிய நாடுகளாக அமர்ந்தனர். பழைய கலண்டர் அட்டைகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு வல்லமையை எழுதியிருந்தோம்: கவசப் படைப்பிரிவு, வான் பாதுகாப்பு ஏவுகணை, எரிபொருள் விமானம், பாலம் அமைக்கும் பொறியியல் அணி, கள மருத்துவமனை, கடல் ரோந்து, வெடிபொருள் கையிருப்பு என்று. எந்த அட்டையிலும் விலை இல்லை. நாடுகளின் செலவுச் சதவீதத்தை அவர்களுக்குச் சொல்லவும் இல்லை.

முதல் இருபது நிமிடங்களில் அமெரிக்கக் குழு அட்டைகளில் பாதிக்கு மேல் வாரி எடுத்துக்கொண்டது. யாரும் தடுக்கவில்லை. அவ்வளவு எளிதாக முடிந்ததில் எல்லாருக்கும் திருப்தியாகக்கூட இருந்தது. அப்போது ஜேர்மனிக் குழுவிலிருந்த வெளிவாரி மாணவி ஒருவர், “அண்ணா, இதே நேரத்தில் சீனாப் பக்கம் ஏதாவது நடந்தால் நீங்கள் எதை எடுத்துக்கொண்டு போவீர்கள்?” என்று அமெரிக்கக் குழுவிடம் கேட்டார். அவர்கள் அட்டைகளைப் புரட்டிப் பார்த்து, எரிபொருள் விமானம் அனைத்தையும் போக்குவரத்து விமானம் அனைத்தையும் என்றார்கள். மேசை அமைதியானது. அட்டைகள் மீண்டும் நடுவில் கொட்டப்பட்டன.

ஐஸ்லாந்துக் குழு தங்களுக்கு வேலையே இல்லை என்று கைகட்டி இருந்தது. அந்நாடு ஸ்தாபக உறுப்பினர். அதற்கு நிரந்தர இராணுவம் கிடையாது. கரையோரக் காவற்படை மட்டுமே உண்டு. உலகப் படத்தைப் பார்க்கச் சொன்னோம். கிரீன்லாந்துக்கும் பிரித்தானியாவுக்கும் இடையிலான கடல்வழியின் நடுவில் அது கிடப்பதையும், கெப்லாவிக் விமானத் தளமும் ராடார் நிலையங்களும் அங்கே இருப்பதையும் கண்டபோது, நிலமே பங்களிப்பாக இருக்க முடியும் என்பதை அவர்களே சொன்னார்கள். எஸ்தோனியாக் குழுவுக்கு இதன் மறுபக்கம் வந்தது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவீதத்துக்கு மேல் செலவிடும் அந்த நாட்டிடம் சொந்தப் போர் விமானம் இல்லை. 2004 முதல் பால்டிக் நாடுகளின் வானத்தை மற்ற உறுப்பு நாடுகள் முறைவைத்துக் காவல் செய்கின்றன.

சதவீதங்களைக் கடைசியில்தான் வெளியிட்டோம். கிரீஸ் 2014இலேயே 2 சதவீதத்துக்கு மேல் செலவிட்டதைக் கேட்டுக் கிரீஸ் குழு கைதட்டியது. அந்தச் செலவின் பெரும்பகுதிக்குக் காரணம் இன்னொரு உறுப்பு நாடான துருக்கியோடு உள்ள பகைமைதான் என்றதும், கைதட்டல் சிரிப்பாக மாறியது. லக்சம்பேர்க் விடயத்தில் நான் எதிர்பாராத விவாதமொன்று எழுந்தது. அந்நாட்டில் வேலை செய்பவர்களில் பாதிக்கு அண்மையானோர் தினமும் எல்லை கடந்து வருபவர்கள். அவர்கள் உழைப்பும் அந்நாட்டின் உள்நாட்டு உற்பத்தியில் சேருவதால் சதவீதம் சிறிதாகத் தெரிகிறது. இதனால் தேசிய வருமானத்தை வைத்துத் தன் இலக்கை அளக்க அது இணக்கம் பெற்றது. இதைச் சொன்னதும் பல குரல்கள் ஒரே நேரத்தில் எழுந்தன. கொழும்பில் கடையில் வேலை செய்யும் அண்ணனுக்குத் திருவிழா வரி உண்டா, செக்ரோலில் (தோட்டத்தின் தொழிலாளர் பதிவேட்டில்) பெயர் இருப்பவரை மட்டும் எண்ணுவதா, லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) அடுப்பெரியும் வீடுகளை எண்ணுவதா என்ற தகராறு அவர்களில் பலருடைய தோட்டங்களில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. எதால் வகுப்பது என்பது கணித வினாவைப் போலத் தோன்றும் அரசியல் வினா என்பதை விளக்க எனக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

ஜூன் மாதச் செய்தி

மூன்றாம் அமர்வுக்கு முன்பே எங்கள் குறிப்பு பழசாகிவிட்டது. ஜூன் 5ஆந் திகதி பாதுகாப்பு அமைச்சர்கள் புதிய வல்லமை இலக்குகளை ஏற்றுக்கொண்டிருந்தனர். ஜூன் 25ஆந் திகதி ஹேக் மாநாட்டில் தலைவர்கள், 2035க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதம் என்ற இலக்கை அறிவித்தனர். அதில் குறைந்தது 3.5 சதவீதம் நேரடிப் பாதுகாப்புச் செலவு, 1.5 சதவீதம் வரை உட்கட்டமைப்பு, இணையப் பாதுகாப்பு போன்ற தொடர்புள்ள செலவுகள், 2029இல் மீளாய்வு. ஸ்பெயின், தனக்கு வகுக்கப்பட்ட வல்லமைகளை 2.1 சதவீதத்திலேயே நிறைவேற்ற முடியும் என்று தனித்து நின்றது.

முதலில் இலக்கு, பிறகு பணம் என்று நாங்கள் கற்பித்த வரிசைக்கு இது அழகான சான்று என்று நினைத்து மூன்றாம் அமர்வில் பெருமையோடு சொன்னேன். சம்பளத் துண்டு வரைந்த அதே மாணவி, “சேர், 5 என்ற எண்ணை ட்ரம்ப் ஜனவரியிலேயே சொல்லிவிட்டார் அல்லவா?” என்றாள். சொல்லித்தான் இருந்தார். பெரிய சேர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

அதற்குப் பதிலாக அன்றைய பாடத்தை மாற்றி, எண்களின் வரலாற்றைப் பேசினோம். 1952இல் லிஸ்பனில் 96 படைப்பிரிவுகள் என்று தீர்மானித்தார்கள், எட்டவில்லை. 1977இல் பணவீக்கத்தைக் கழித்து ஆண்டுக்கு 3 சதவீதச் செலவு அதிகரிப்பு என்றார்கள். சிலர் செய்தார்கள், பலர் செய்யவில்லை. 1971இல் செனட்டர் மைக் மான்ஸ்பீல்ட் ஐரோப்பாவிலுள்ள அமெரிக்கப் படையைப் பாதியாகக் குறைக்கக் கொண்டுவந்த திருத்தம் தோற்கடிக்கப்பட்டது. திட்டத்திலிருந்து எண் பிறக்க வேண்டும் என்பது நடைமுறை ஏட்டில் உள்ள ஒழுங்கு. தேர்தல் மேடைக்கும் செய்தித் தலைப்புக்கும் ஓர் எண் போதும் என்பதால், எண் முன்னே ஓடுவதும் திட்டம் பின்னே மூச்சுவாங்க வருவதும் அடிக்கடி நடக்கிறது. ஸ்பெயினின் வாதம் இந்த இடத்தில்தான் கூர்மையாகிறது: கேட்ட வல்லமையைக் குறைந்த செலவில் கொடுத்தால் குற்றமா? அந்த வல்லமை அந்தச் செலவில் கிடைக்காது என்பது நேட்டோ தரப்பின் பதில். மாணவர்கள் இதில் இரண்டாகப் பிரிந்தே வீடு போனார்கள்.

விளைவு

ஜூலை இறுதியில் அதே ஜேர்மனிக் கேள்வியை முன்னறிவிப்பின்றிக் கொடுத்தோம். அன்று வந்த 20 பேரில் 3 பேர் மட்டுமே நிலுவை என்று எழுதினர். அவர்களில் இருவர் இரண்டாம் அமர்வுக்கு வராதவர்கள். சம்பளத் துண்டு வரைந்த மாணவி இம்முறை மூன்று நிரல்கள் வரைந்திருந்தாள்: தன் படைக்கு, பொது நிதிக்கு, அனுப்பிய நடவடிக்கைக்கு. இரட்டைக்கோடு இல்லை, மூன்றையும் கூட்டவும் இல்லை.

புதிய பிழையொன்றும் வந்திருந்தது. 5 பேர், நேட்டோவின் பொது நிதிக்கு எல்லா நாடுகளும் சமமாகக் கொடுக்கின்றன என்று எழுதியிருந்தனர். திருவிழா வரி குடும்பத்துக்கு ஒரே தொகை என்பதால் வந்த வினை அது. உவமையின் எல்லையைச் சொன்னபோது கரகத்தைப் பற்றிப் பேசினோமே தவிர, வரியின் அளவைப் பற்றி யாரும் பேசவில்லை. வருமானத்துக்கேற்ற பங்கு என்பதைக் குறிப்பில் ஒரு வரியில் எழுதியிருந்தேன். மாணவர் நினைவில் நின்றது திருவிழாதான்.

மறுமுறை நடத்தும்போது

பழக்கமான சொல்லொன்றைக் குறிப்பில் போடுவதற்கு முன், அந்தச் சொல்லைக் கேட்டதும் என்னென்ன தோன்றுகிறது என்று இரண்டு மாணவர்களிடமாவது எழுதி வாங்குவது என்று முடிவுசெய்திருக்கிறோம். மழைக்குக் காத்திராமல் முதல் ஒரு மணிநேரத்துக்குள் எழுத்துப் பயிற்சி வைக்கப்படும். திருவிழா உவமை தொடரும். ஆனால் வரி சம அளவு, பொது நிதி வருமான அளவு என்ற வேறுபாட்டை மாணவர்களே அட்டவணையாக எழுத வேண்டும். அட்டைப் பயிற்சிக்கு ஓர் அமர்வு போதவில்லை. ஐந்தாம் படியான மீளாய்வுக்கு நேரமே கிடைக்காமல் போனது. அதை இரண்டு சனிக்கிழமைகளாகப் பிரிக்கிறோம்.

இன்னொரு மாற்றம் தியத்தலாவைப் பக்கத்திலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவன் கேட்ட கேள்வியால் வந்தது. இலங்கை எந்தக் கூட்டணியிலும் இருந்ததில்லையா என்று அவன் கேட்டபோது, அணிசேராமை என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். அது அரைப் பதில். 1947 நவம்பரில் கையெழுத்தான பிரித்தானிய-இலங்கைப் பாதுகாப்பு உடன்படிக்கை, இரு தரப்பின் நலனுக்கும் உகந்த அளவில் ஒருவருக்கொருவர் படையுதவி செய்வதாகச் சொன்னது. திருகோணமலைத் துறைமுகமும் கட்டுநாயக்க விமானத் தளமும் 1957இல் கையளிக்கப்படும்வரை பிரித்தானியர் பயன்பாட்டிலேயே இருந்தன. புதிய நாடு நிலத்தையும் துறைமுகத்தையும் பங்காகக் கொடுத்த கணக்கு அது. ஐஸ்லாந்துக் குழுவுக்குச் சொன்னதை நம் வரைபடத்திலேயே சொல்லியிருக்கலாம். அடுத்த தொகுதியில் முதல் அமர்வு அந்த உடன்படிக்கையில் தொடங்கும். அதற்கான குறிப்பை நான் எழுதியிருக்கிறேன், பெரிய சேர் சிவப்புப் பேனையோடு படித்துக்கொண்டிருக்கிறார்.